வராத இளவரசருக்கு ஒரு மணிக்கூண்டு: யாழ்ப்பாணத்தில் நின்றுபோன நேரம் மீண்டும் ஓடியது எப்படி?

தமிழ்நாட்டில் நாம் மணிக்கூண்டு என்று சொல்வதை, யாழ்ப்பாணத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் என்கிறார்கள். அங்கே கடிகாரத்துக்கே மணிக்கூடு என்றுதான் பேர். யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு அருகே நிற்கும் அந்தக் கோபுரம் ஒரு நினைவுச் சின்னம். சரி, யாருடைய நினைவு?

யாருக்காக கட்டினாங்க?

விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட் 1875 டிசம்பரில் இலங்கைக்கு வந்தார். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆனவர் இவர்தான். அந்த வருகையின் நினைவாகவே கோபுரம் கட்டப்பட்டது.

இதில் வேடிக்கை என்னன்னா, இளவரசர் யாழ்ப்பாணம் பக்கமே போகவில்லை. கொழும்பு, கண்டி, யானை வேட்டை என்று பயணத்தை முடித்துக்கொண்டு தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்துவிட்டார். அங்கிருந்து மதுரை, திருச்சி, சென்னை!

கோபுரத்தை வடிவமைத்தவர் ஜே.ஜி.ஸ்மிதர். 1877-ல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய அருங்காட்சியகமும் இவர் வடிவமைப்புதான்.

ஏன் கடிகாரம்?

கையில் வாட்ச் கட்டும் பழக்கம் இல்லாத காலம் அது. வீட்டில் கடிகாரம் வைத்திருந்ததும் வசதியானவர்கள்தான். சிலை வைத்தால் பார்க்க மட்டும்தான் முடியும். கடிகாரம் வைத்தால் சந்தைக்குப் போகிறவர் முதல் கச்சேரிக்குப் போகிறவர் வரை எல்லோருக்கும் பயன்படும். பிரிட்டிஷ் ஆட்சி நடந்த ஊர்களில் இத்தனை மணிக்கூண்டுகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போரில் என்ன ஆச்சு?

பக்கத்திலேயே இருந்த பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990-ல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் கடும் சண்டை நடந்தது. கோட்டைக்கு அருகில் இருந்த கோபுரமும் போரில் சிதைந்தது. கடிகாரம் நின்றுபோனது.

மீண்டும் ஓடியது எப்படி?

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டில் கோபுரம் சீரமைக்கப்பட்டது. புதிய கடிகாரத்துக்கு உதவியவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர், இன்றைய மன்னர் சார்லஸ். ஆல்பர்ட் எட்வர்ட் இவருக்கு எள்ளுத்தாத்தா முறை!

அந்த இளவரசரின் பெயர் இன்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ! ஆனால் கோபுரம் உடைந்து கிடந்ததையும், அதன் முட்கள் மறுபடி நகர்ந்ததையும் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை இது போரின் நினைவுச் சின்னம்.