மடிக்கணினித் திரையும் கடல்கடந்த கொள்முதலும்

நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள் 1849ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் ஒன்று வாங்கும்பொருட்டுச் சென்னைக்குச் சென்றமையை நம்மவர் பலரும் அறிவர். தமிழெழுத்தை அழகுறக் காட்டும் கருவியைத் தேடிக் கடல் கடப்பது ஈழத்தவர்க்குப் புதிய வழக்கமன்று. அன்று அச்சியந்திரம்; இன்று மடிக்கணினி. அன்று ஒருவர் ஊருக்காக வாங்கினார். இன்றோ ஒவ்வொரு வீட்டினரும் தத்தம் பிள்ளைக்காக வாங்கவேண்டியிருக்கின்றது.

யட்டவத்தப் பகுதித் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகள், பெறுபேறு வெளிவந்த மறுகிழமையே, "சேர், எந்த லப்டொப் வாங்கலாம்?" என்று கேட்டு வருகின்றனர். கணினி ஆசிரியரை விடுத்துத் தமிழாசிரியனிடம் வருவானேன் எனின், அவர் விடையை ஆங்கிலச் சுருக்கெழுத்துக்களாகவே சொல்லிவிடுகிறாராம். வினா சிறிதாயினும் அதன் பின்னால் நிற்பது சிறிதன்று. தகப்பனாரின் சேமலாப நிதி, தாயாரின் சீட்டுப்பணம், அடகுக்கடைக்குப் போன வளையல் ஆகியனவே பெரும்பாலும் அப்பெட்டியின் விலையாகின்றன. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக நின்ற நமது நாணயம் மே மாதத்துள் 360 ரூபாவை அணுகியபோது, இறக்குமதிப் பொருளாகிய கணினியின் விலை எவ்வாறு ஏறியது என்பதை யாம் எடுத்துக்கூற வேண்டுவதில்லை. அன்று தொடங்கியே "சென்னையில் வாங்கலாமா? துபாயிலுள்ள மாமா கொண்டுவரட்டுமா?" என்னும் பேச்சு வீடுதோறும் மிகுந்தது. ஆதலின் திரையைத் தெரிவு செய்வதையும், எல்லைக்கு அப்பால் வாங்குவதையும் சேர்த்தே இங்கு ஆராய்வோம். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடுவன என்பது போகப்போக விளங்கும்.

கணினித் திரை நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் நெய்யப்பட்ட துணி போன்றது. கிடையாக எத்தனை புள்ளி, நெடுக்காக எத்தனை புள்ளி என்னும் கணக்கையே தெளிவுத்திறன் என்கிறோம். கடைக்காரர் றெசொலூசன் என்பர். மலிவான கணினிகளில் நெடுங்காலம் வழங்கியது 1366க்கு 768. பெருக்கினால் ஏறத்தாழப் பத்தரை இலட்சம் புள்ளிகள். இன்று பொதுவாய் வழங்குவது 1920க்கு 1080. புள்ளிகள் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. அதனினும் சற்று உயரமானது 1920க்கு 1200. உச்சியில் நிற்பது 4கே எனப்படும் 3840க்கு 2160. அதில் 83 இலட்சம் புள்ளிகள் வரை உண்டு.

எனினும் புள்ளிகளின் தொகை மட்டும் தெளிவைத் தந்துவிடாது. அவை எவ்வளவு இடத்திற் செறிந்துள்ளன என்பதே கேள்வி. 15.6 அங்குலத் திரையில் 1366க்கு 768 ஆயின், அங்குலத்துக்கு 100 புள்ளிகளே அமையும். அதே திரையில் 1920க்கு 1080 ஆயின் 141. திரை 14 அங்குலமாகக் குறுகின் 157. இனி, மனிதக் கண்ணின் எல்லை யாது? குறைபாடற்ற பார்வையுடைய ஒருவர் ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கு கோணத்தளவில் இரு புள்ளிகளைப் பிரித்துக் காண்பார் என்பது கண்மருத்துவர் கொள்ளும் அளவு. 60 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து படிப்பவர்க்கு அது அங்குலத்துக்கு ஏறத்தாழ 145 புள்ளி. 50 சென்ரிமீற்றருக்கு நெருங்கினால் 175. ஆகவே 100 புள்ளித் திரையில் கண் புள்ளிகளைத் தனித்தனியே கண்டு சலிக்கின்றது. 140க்கும் 160க்கும் இடைப்பட்ட திரையில் எழுத்து எழுத்தாகவே தோன்றுகின்றது. கூரிய இளங்கண்ணுக்கு இதற்கு மேலும் வேறுபாடு தெரியும். 2012ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தார் 15.4 அங்குலத்தில் 2880க்கு 1800 புள்ளியுள்ள மடிக்கணினியை வெளியிட்டது அக்கண்ணை நோக்கியே.

ஆங்கிலத்தில் எழுதப்படும் கணினி மதிப்புரைகளை நம்பி வாங்குவோர் காணத் தவறும் ஒன்று உண்டு. அதுவே தமிழெழுத்தின் இயல்பு. ஆங்கிலச் சிறிய எழுத்து ஐந்தாறு புள்ளி உயரத்திலும் ஒருவாறு அடையாளம் தெரியும். நம் எழுத்துக்கோ தலையிலே புள்ளியும் விலங்கும், காலிலே கீழ்விலங்கும் சுழியும், பக்கத்தே கொம்பும் உண்டு. தெள் என்பதற்கும் தேள் என்பதற்கும், கொள் என்பதற்கும் கோள் என்பதற்கும், மெய் என்பதற்கும் மேய் என்பதற்கும் உள்ள வேறுபாடு கொம்பின் தலையிலுள்ள ஒரு சுழியே. அச்சுழியோ முன்னாளில் இல்லை. குறிலையும் நெடிலையும் கண்ணாற் பிரித்தறியும்படி வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிற் செய்த சீர்திருத்தத்தின் பயன் அது. அதற்கு முன்னர் ஏட்டில் எழுதினோர், ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியையுங்கூட இடாமல் விட்டனர். ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் இதனால் எவ்வளவு இடர்ப்பட்டிருப்பர்! எழுத்தாணி விட்ட புள்ளியைத் தாளில் மீட்டுத் தந்தது அச்சு. மலிவுத் திரை அதனை மறுபடியும் விழுங்கப் பார்க்கின்றது.

இஃது உயர்வுநவிற்சியன்று, கணக்கிட்டே காட்டலாம். 768 வரிசைகளுள் மேலும் கீழுமுள்ள பட்டைகள் போக நூல் காட்டற்கு 650 வரிசை எஞ்சும் என்று கொள்வோம். நாற்பது வரியும் மேல்கீழ் வெளியும் கொண்ட ஒரு பக்கத்தை முழுதாகத் திரையில் நிறுத்தின், வரி ஒன்றுக்குக் கிடைப்பது 14 புள்ளி உயரம். வரியிடைவெளியைக் கழித்தால் விலங்கு முதற் சுழி வரை எல்லாம் பத்துப் புள்ளிக்குள் அடங்கவேண்டும். அடங்குமா? இயந்திரம் ஓரங்களைச் சாம்பல் நிறத்தால் பூசி ஈடுசெய்யும். புகை படிந்த எழுத்துப்போலத் தோன்றும். 1080 வரிசையுள்ள திரையில் அதே வரிக்கு 21 புள்ளி உண்டு. 1200 வரிசையாயின் 24. நூலகம் என்னும் இணைய நூலகத்தில், நம் பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் போன்றவை ஒளிப்பிரதியாகக் கிடைக்கின்றன. மங்கிய தாளிலிருந்து எடுத்த அப்பக்கங்களை 768 வரிசைத் திரையிற் படிப்போர் பெருப்பித்துப் பெருப்பித்து வரியின் பாதியைத் தொலைப்பர். தமிழையோ வரலாற்றையோ பாடமாகக் கொள்ளும் மாணவர்க்கு அத்திரையை, விலை எத்துணை குறைந்திருப்பினும், யான் பரிந்துரையேன்.

அங்ஙனமாயின் 4கே திரையே சாலச் சிறந்ததோ? அன்று. 15.6 அங்குலத்தில் அங்குலத்துக்கு 282 புள்ளி என்பது படிக்கும் தூரத்திலே கண் பெறக்கூடிய பயனுக்கு மேற்பட்டது. அத்திரையில் எழுத்து எறும்பளவாகிவிடுமாதலின் இருமடங்காகப் பெருப்பித்தே பார்க்கவேண்டும். அப்போது கிடைக்கும் வேலைப்பரப்பு 1920க்கு 1080இன் அளவே. எழுத்து மிக நேர்த்தியாயிருக்கும் என்பது மெய். ஆனால் நான்கு மடங்கு புள்ளிகளை இயக்குதற்கும், செறிந்த புள்ளிகளூடே ஒளியைச் செலுத்துதற்கும் மின்கலம் கூலி கேட்கும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். வளைந்து செல்லும் மலைப்பாதையில், மழைக்காலத்தில் மின்கம்பி அறும் தோட்டத்தில் வாழும் மாணவனுக்கு ஒரு மணிநேர மின்கலம் ஒரு மணிநேரப் படிப்பே. நிழற்படம், வரைகலை முதலியவற்றைத் தொழிலாகக் கொள்வோர் வேண்டுமாயின் அதனை வாங்குக.

திரையின் வடிவத்தையும் நோக்குதல் வேண்டும். 14 அங்குலமுள்ள 1920க்கு 1200 திரையின் உயரம் 18.8 சென்ரிமீற்றர், 15.6 அங்குலமுள்ள 1920க்கு 1080 திரையின் உயரம் 19.4 சென்ரிமீற்றர். சிறிய கணினியே பெரியதற்கு ஆறு மில்லிமீற்றர்தான் குறைந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். பேருந்தில் சுமந்து செல்லும் மாணவர்க்கு அவ்வடிவம் ஏற்றது. இனி, ஐபிஎஸ் வகைத் திரை பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் திரியாது. பழைய டிஎன் வகை திரியும். கூசாத மங்கல் மேற்பரப்பு நன்று. திரையைப்பற்றி இவ்வளவு போதும்.

இனிக் கொள்முதல். கொழும்பு பம்பலப்பிட்டியில் யுனிற்றி பிளாசா, சென்னையில் ரிச்சி தெரு, சிங்கப்பூரில் சிம் லிம் சதுக்கம் ஆகியவை கணினிக்குப் பெயர்போன அங்காடிகள். கடல்கடந்த விலையை ஒப்பிடுவோர் வரியை மறந்து ஒப்பிடுதல் பெருவழக்கு. இலங்கையில் மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரியிலிருந்து நூற்றுக்கு 18. இந்தியாவிலும் மடிக்கணினிக்குச் சரக்கு சேவை வரி 18. பெட்டியில் அச்சிட்ட விலை அதனை உள்ளடக்கியது. சிங்கப்பூரில் வரி 2024 முதல் 9. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 முதல் 5. பின்னைய இரு நாடுகளிலும் சுற்றுலாப் பயணி அவ்வரியை, கையாட்கூலி கழித்து, விமானநிலையத்தில் மீளப்பெற ஏற்பாடுண்டு. அங்கே தொழில்புரிந்து வதியும் மாமாவுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதையும் நினைவிற் கொள்க. சென்னையில் அவ்வாறு மீளும் என்று எண்ணி எவரும் கணக்குப் போடலாகாது. மேலும் நம் சுங்கத்தின் தீர்வைச் சலுகை, ஒருவர் வெளிநாட்டில் தங்கிய காலத்தைப் பொறுத்து வேறுபடுவது, வர்த்தமானியில் மாறுவது. பயணத்துக்கு முன் சுங்கத் திணைக்களத்திடமே கேட்டறிதல் தகும். உறை பிரியாத இரண்டு மூன்று பெட்டிகளைக் கொண்டுவருபவர் வணிகர் எனக் கருதப்பட இடமுண்டு.

விலை வேறுபாட்டை முற்றாக விழுங்கவல்லது உத்தரவாதமே. எம்மிடம் படித்த பெண்ணொருத்திக்கு உறவினர் ஒருவர் சென்னையிலிருந்து அழகிய கணினி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தொடுதிரை, தெளிவுத்திறனும் வழக்கத்தினும் மிக்கது. ஏழாம் மாதத்தில் திரையின் நடுவே பச்சைக்கோடு ஒன்று விழுந்தது. இங்குள்ள முகவர், "உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கே உரியது" என்று கைவிரித்தார். அத்திரை இந்நாட்டுக் கடைகளில் எளிதிற் கிடைக்கும் வகையாகவும் இல்லை. தருவித்து மாற்றிய செலவு, சென்னையில் வாங்கியதால் மிச்சமானதைப்போல் இருமடங்கு. தகப்பனார் கொழுந்துச் சாக்குச் சுமந்து சேர்த்த பணம் அது. அவ்வளவு நாளும் அப்பிள்ளை கோட்டின் இருபுறமும் படித்தாள்.

திரையும் எல்லையும் ஒன்றையொன்று தொடுவன என்று மேலே கூறியதன் பொருள் இதுவே. உள்நாட்டு உத்தரவாதத்துடன் வாங்குபவர் தாம் விரும்பிய திரையை வாங்கலாம். கடல் கடந்து வாங்குபவரோ, 14 அல்லது 15.6 அங்குலத்தில் 1920க்கு 1080 என்னும் பொதுவழக்கான திரையைத் தெரிதலே புத்தி. பழுதுற்றால் மாற்றுத் திரை கொழும்பிலே கிடைக்கும். திருத்துபவரும் அதனை அறிவார். 1200 வரிசைத் திரை பரவிவருகின்றது. ஆயினும் வெளிநாட்டில் வாங்குபவர்க்கு இப்போதைக்கு அதனைக் கூறேன்.

கடையிலே செய்யவேண்டியன சில உள. பணம் கொடுக்குமுன் கணினியின் அடியிலுள்ள தொடரிலக்கத்தை நிறுவனத்தாரின் தளத்திற் பதிந்து, உத்தரவாதம் எந்த நாட்டுக்கு, எந்நாள் வரை என்று பார்க்க. திரை முழுவதையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என மாற்றி அணைந்த புள்ளி உண்டோ என நோக்குக. தமிழ்ப் பக்கமொன்றைத் திறந்து, பெருப்பிக்காமல், கைநீட்டுத் தூரத்திலிருந்து தெள், தேள் இரண்டையும் படிக்க. துபாயில் வாங்கினால் விசைகளில் அரபு எழுத்தும் இருக்கக்கூடும். மின்னழுத்தம் எங்கும் 230 வோல்ற்றே; எனினும் இந்தியச் செருகி உருண்டை முனையுடையது, நம்முடைய 13 அம்பியர்த் துளைக்குப் பொருந்தாது. வடத்தை மட்டும் இங்கு மாற்றிக்கொண்டால் போதும், மின்னேற்றியை மாற்றவேண்டுவதில்லை. மின்கலமுள்ள பொருளாதலின் விமானத்தில் அதனைக் கைப்பையிலேயே கொண்டுவருக. தொடரிலக்கம் எழுதப்பெற்ற பற்றுச்சீட்டின் மை ஓராண்டில் மறைந்துவிடும். வாங்கிய அன்றே படியெடுத்து வைத்துக்கொள்க.