கொரிய வீட்டுச் சாப்பாடும் திருகோணமலை மீன்சட்டியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் மதியச் சாப்பாடு என்பது சோறு, மீன்கறி, ஒரு வறை, ஒரு சம்பல், கடைசியில் ஊற்றிக்கொள்ளச் சொதி என்னும் ஒழுங்கில் அமைவது. சோற்றை முதன்மையாகக் கொண்டு மற்றவற்றை அதற்குத் துணையாகச் சிறுசிறு அளவில் வைக்கும் இதே ஒழுங்குதான் கொரிய வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளையும் ஆள்கிறது. தொலைக்காட்சித் தொடர்களின் வழியாகக் கொரியாவை அறிந்தவர்கள், மேசை நடுவே அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டு உண்பதையே அந்நாட்டவரின் அன்றாட உணவென எண்ணிவிடுகின்றனர். அது கூடிக் களிக்கும் நேரத்துக்கு உரியது. உழைப்பாளியின் மதியப் பசிக்கு உரியது 'பெக்பன்' எனப்படும் எளிய சாப்பாடாகும். வெள்ளைச் சோறு என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள்.

பெக்பன் கடையில் உணவைத் தெரிந்தெடுக்கும் வேலை பெரும்பாலும் உண்பவருக்கு இல்லை. அன்று சந்தையில் கிடைத்ததைக் கொண்டு சமைத்தவை எவையோ, அவையே சோற்றோடும் சூப்போடும் ஒருசேர மேசைக்கு வருகின்றன. சுற்றி வைக்கப்படும் சிறு கறிகளைக் கொரியர் 'பான்ச்சான்' என்பர். அவித்துப் பிழிந்து நல்லெண்ணெயில் பிரட்டிய கீரை, முளைப்பயறு, கிழங்கு, பொரித்த மீன் எனப் பல வகையாக வரும் இவை மேசையிலுள்ள அனைவருக்கும் பொதுவானவை; தீர்ந்தால் மறுபடியும் கேட்டு வாங்கலாம், அதற்குத் தனி விலை இல்லை. பழைய மரபில் சாப்பாட்டின் தரம் கறிகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது: எளிய வீட்டுக்கு 3, வசதியுள்ளோருக்கு 5, 7, 9, அரசருக்கு 12 என வகுத்தனர், சோறும் சூப்பும் கிம்ச்சியும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. கிம்ச்சி கணக்கில் சேராமைக்குக் காரணம், அது இல்லாத சாப்பாட்டைக் கொரியர் சாப்பாடாகவே கருதாமைதான்.

கோவாவை உப்பிட்டு வாட வைத்து, மிளகாய்த்தூள், உள்ளி, இஞ்சி, உப்பில் ஊறிய கூனி இறால் அல்லது நெத்தலிச் சாறு ஆகியவற்றைப் பூசிப் புளிக்க விடுவதே கிம்ச்சி. கடுங்குளிரில் பச்சைக் காய்கறி கிடைக்காத நாட்டில், பின்னிலையுதிர் காலத்திலேயே குடும்பங்கள் ஒன்றுகூடி மாரிக்குத் தேவையான கிம்ச்சியைப் பெருமளவில் இட்டுவைத்தன. 'கிம்ஜாங்' எனப்படும் இவ்வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கொரியாவுக்கு மிளகாய் வந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே என்பது பொதுவான கருத்து. இலங்கைக்கு அதைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர். மிளகைக் கொண்டே அதற்கு மிளகாய் எனப் பெயரிட்ட தமிழும், அது பின்னால் வந்த பொருள் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

இரு சமையல்களும் பிரியும் இடம் தேங்காய். கொரியச் சமையலில் தேங்காய்ப்பாலும் இல்லை, கடுகு, கறிவேப்பிலைத் தாளிதமும் இல்லை. சுவைக்கு உடல் கொடுக்கும் அந்த வேலையை அங்கே புளிக்க வைத்த சோயா செய்கிறது. அவித்து இடித்த சோயாவைக் கட்டியாக்கி உலர்த்தி, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டால், வடியும் நீர் சோயா சோஸாகவும் எஞ்சும் விழுது 'தொயென்ஜாங்' ஆகவும் மாறுகின்றன. இத்தயாரிப்பு முறையும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மண்சட்டியிலேயே கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும் தொயென்ஜாங் குழம்பின் வாடை முதல் முறை உண்பவரை முகஞ்சுளிக்க வைக்கக்கூடும். ஆனால் கருவாட்டுக் கறியின் மணத்தில் வளர்ந்தவருக்கு அந்தத் தயக்கம் நீடிக்க நியாயமில்லை.

புதியவருக்குச் சுவையைவிட மேசை முறைகளே கடினம். சோற்றையும் சூப்பையும் கரண்டியாலும், கறிகளை உலோகக் குச்சிகளாலும் எடுக்க வேண்டும். கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்பது சீனரிடமும் ஜப்பானியரிடமும் வழக்கமாயினும் கொரியரிடம் மரியாதைக் குறைவு. மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே இளையவர் தொடங்கலாம். பரிமாறும் பெண்ணை 'இமோ' என அழைப்பர். தாயின் சகோதரி என்பது அதன் பொருள், அதாவது நமது பெரியம்மா அல்லது சின்னம்மா.

இலங்கையருக்கு இந்தச் சாப்பாடு வெறும் புதுமை அன்று. தென்கொரியா 2004 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்திய வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி முறையில் முதலில் இணைந்த ஆறு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. கொரிய மொழித் தேர்வில் தேறித் தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடிக்கும் சென்றவர்கள் உண்டு பழகியது இதனையே. சென்னைப் பகுதியிலோ, 1996இல் ஹூண்டாய் நிறுவனம் கால்பதித்த பின் வந்து குடியேறிய கொரியருக்காகவே இத்தகைய உணவகங்கள் தோன்றின.

இந்து, முஸ்லிம், பௌத்த, கிறிஸ்தவ மக்கள் கலந்து வாழும் திருகோணமலையிலிருந்து கொரியாவுக்குச் செல்பவர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். பன்றியும் மாடும் அங்கே சாதாரணம் என்பது பலருக்கும் தெரியும். மரக்கறி போலத் தோன்றும் கிம்ச்சியில் மீன்சாறும், குழம்பில் நெத்தலி அவித்த நீரும் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை விரதக்காரர் கேட்டறிந்தே உண்ண வேண்டும். பௌத்த மடங்களின் சமையலே இதற்கு விலக்கு. அங்கே மீனும் இல்லை, உள்ளியும் வெங்காயமும்கூட இல்லை.

மற்றவர்கள் 'மியொல்ச்சி பொக்கும்' என்னும் கறியிலிருந்து தொடங்கலாம். சின்ன நெத்தலிக் கருவாட்டை வெறுஞ்சட்டியில் வறுத்து, சோயா சோஸ், சீனி, உள்ளி சேர்த்துப் பிரட்டி, எள்ளுத் தூவி இறக்குவதே அது. உப்புக் கூடிய கருவாடாயின் முதலில் கழுவிக்கொள்ள வேண்டும்.