விசில் ஊதவும் நம் பிள்ளைகள் வேண்டும்



பந்தடி என்றால் நமது தோட்டங்களில் சொல்லத் தேவையில்லை. வேலை விட்டு வந்த களைப்பு ஆறுமுன்பே பொடியன்மார் மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள். ஆனால் சுற்றுப்போட்டி என்று வந்தால், சண்டை இல்லாமல் முடிந்தவை எத்தனை?

நாம் முன்பு வேலை செய்த தோட்டத்தில் சித்திரைப் புத்தாண்டுக்கு மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் இறுதிப் போட்டி ஆடின. கடைசி நேரத்தில் விழுந்த ஒரு கோலால் தகராறு வந்தது. கல்லெறி விழுந்து, ஒரு பிள்ளைக்கு நெற்றியில் நாலு தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த மைதானத்தில் போட்டியே நடக்கவில்லை. அன்று ரெப்ரியாக நின்றவர் மேல் டிவிசன் ஆட்டக்காரர் ஒருவரின் மாமா. அவர் கொடுத்த தீர்ப்பு சரியா பிழையா என்று நமக்கு இன்றைக்கும் தெரியாது. விதி அவருக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டு நின்ற நமக்கும் தெரியாது. நல்ல ஆட்டக்காரர்கள் நம்மிடம் நிறைய இருந்தார்கள். விசில் ஊதத் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்கவில்லை.

ஆகவே இம்முறை பாடசாலை உதைபந்தாட்ட மத்தியஸ்தராவது எப்படி என்று பார்ப்போம்.

பொரளையில் ஒரு தம்பி

நமது தோட்டத்துத் தம்பி ஒருவர் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, பொரளையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனார். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பொரளை என்று நமது பிள்ளைகள் நிற்காத கடை எங்கே இருக்கிறது? இவருக்கு முழங்காலில் பழைய அடி ஒன்று. ஓடலாம், ஆனால் முட்டி மோதி விளையாட முடியாது. ஓய்வு நாளில் கெம்பல் பார்க் மைதானத்தில் ஓரமாக நின்று ஆட்டம் பார்ப்பார். அங்கே வந்த மத்தியஸ்தர் ஒருவர், "சும்மா பார்த்துக்கொண்டு நிற்காமல் கொடியைப் பிடியும்" என்றார். அப்படித்தான் ஆரம்பம்.

கடைசியாக லீவுக்கு வந்தபோது அவர் நம்மிடம் சொன்னார்: "ஐயா, கடையில எல்லாரும் 'டேய், இங்க வா'ன்னுதான் கூப்பிடுவாங்க. கொழும்புல என்னைய மொதமொதலா 'சேர்'னு கூப்பிட்டது அந்த ஸ்கூல் பொடியன்மார்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன படிக்க வேண்டும்?

உதைபந்தாட்டத்தில் மொத்தம் 17 விதிகள் இருக்கின்றன. 1886ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சர்வதேச உதைபந்தாட்டச் சங்க சபை இவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அவ்வப்போது திருத்தங்கள் வரும். ஆகையால் பழைய புத்தகத்தை நம்பியிருக்காமல், புதிய பதிப்பைப் பார்க்க வேண்டும்.

சில விடயங்களை எல்லோரும் தெரிந்துவைப்பது நல்லது. கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். தண்ட உதைப் புள்ளி 11 மீற்றரில் இருக்கும். ஒரு பக்கத்தில் ஏழு பேருக்குக் குறைவானால் ஆட்டத்தைத் தொடர முடியாது. பெரியவர்களுக்கு 45 நிமிடப்படி இரண்டு பாதி. சிறுவர் போட்டிகளில் நேரத்தைக் குறைக்க இடமுண்டு.

மஞ்சள், சிவப்பு அட்டைகளுக்கும் ஒரு கதை உண்டு. 1966 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தும் ஆர்ஜென்டீனாவும் ஆடியபோது, யாருக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது என்பதே குழப்பமாகிவிட்டது. ஒருவர் பாஷை மற்றவருக்கு விளங்கவில்லை. கென் அஸ்டன் என்ற ஆங்கிலேய மத்தியஸ்தர், வீதியிலுள்ள சிக்னல் விளக்கைப் பார்த்து இந்த யோசனையைக் கொண்டுவந்தார். 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் முதன்முதலாகப் பாவனைக்கு வந்தன. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று பாஷை பேசும் கொழும்பு மைதானங்களுக்கும் இது பெரிய உதவி. நிறத்துக்குப் பாஷை கிடையாது அல்லவா?

எப்படிச் சேர்வது?

முதலில் உங்கள் பகுதியிலுள்ள உதைபந்தாட்ட லீக்கில் விசாரியுங்கள். பாடசாலை விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டாலும் வழி சொல்வார். கொழும்பில் இருப்பவர்கள் சுதந்திர மாவத்தையில் உள்ள உதைபந்தாட்டத் தலைமையகத்தில் கேட்கலாம். பொரளையிலிருந்து அது தூரமில்லை. மத்தியஸ்தர் வகுப்பு எப்போது, பரீட்சை எப்போது என்று தெரிந்துகொண்டு பதியுங்கள். விதிகளைப் படித்தால் மட்டும் போதாது, ஓடவும் வேண்டும். சர்வதேச ஆண் மத்தியஸ்தர்கள் 75 மீற்றரை 15 செக்கனில் ஓடி, 25 மீற்றரை 18 செக்கனில் நடந்து, இப்படி 40 தடவை செய்து காட்ட வேண்டும். ஏற்றம் இறக்கம் ஏறி வளர்ந்த நமது பிள்ளைகள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

எடுத்தவுடன் பெரிய ஆட்டம் கிடைக்காது. முதலில் சின்னப் பிள்ளைகளின் போட்டியில் கொடி பிடிப்பீர்கள், பிறகு விசில் ஊதுவீர்கள். சர்வதேசப் பட்டியலுக்குப் போக மத்தியஸ்தருக்கு 25 வயதும், உதவி மத்தியஸ்தருக்கு 23 வயதும் ஆகியிருக்க வேண்டும். நமது நாட்டின் டிலான் பெரேரா 2019 ஆசியக் கிண்ணத்தில் மத்தியஸ்தராக இருந்தார்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016இல் பீபா மத்தியஸ்தரானார். 2022 டிசம்பர் முதலாம் திகதி ஜேர்மனியும் கொஸ்டாரிக்காவும் மோதிய உலகக் கிண்ணப் போட்டியை பிரான்சு நாட்டுப் பெண் ஸ்டெபானி பிரப்பார் நடத்தினார். ஆண்கள் உலகக் கிண்ணத்தில் ஒரு பெண் விசில் ஊதியது அதுவே முதல் தடவை.

விசிலுக்கு முன்னால் பாதுகாப்பு

மைதானத்துக்கு முதலில் போகிறவர் மத்தியஸ்தர்தான். கோல் கம்பம் உறுதியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். மோதிரம், சங்கிலி, தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். காலுறைக்குள் கணைக்கால் கவசம் இருக்கிறதா என்று பார்ப்பார். இடி முழங்கினால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கூரைக்குள் அனுப்ப வேண்டும். தலையில் பலமாக அடிபட்ட பிள்ளை "ஒன்றுமில்லை சேர்" என்று சொன்னாலும் திரும்ப விளையாட விடாமல், டொக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் அந்த நேரத்தில் பொறுப்பு மத்தியஸ்தருடையது.

பிழை விட்டால்?

பொரளைத் தம்பி ஒரு நாள் 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் கோல் என்று விசில் ஊதிவிட்டார். திரும்பிப் பார்த்தால், உதவி மத்தியஸ்தர் ஓஃப்சைட் என்று கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஆட்டம் மறுபடி தொடங்குமுன் தீர்ப்பை மாற்ற விதியில் இடமுண்டு. இவர் போய் விசாரித்து, கோலை இரத்துச் செய்தார். பெற்றோர் கத்தினார்கள். ஒருவர் கேட்கக்கூடாத வார்த்தையும் சொன்னார்.

"கை நடுங்கிச்சு ஐயா. ஆனா பிழைன்னு தெரிஞ்ச பொறகு எப்படி விடுறது?" என்றார் அவர். ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்துக் கெப்டன் வந்து கை கொடுத்துவிட்டுப் போனானாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். இதில் பெரிய பணம் இல்லை. கிடைப்பதில் பாதி பஸ்ஸுக்கும் சப்பாத்துக்கும் போய்விடும். இதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். ஆனால் யாருக்கும் தலை சாயாமல் நியாயம் சொல்லப் பழகிய பிள்ளை, மைதானத்துக்கு வெளியிலும் அப்படியே நிற்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நமது பிள்ளை ஆடும்போது ரெப்ரியை ஏசாதீர்கள். அவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளை.

வருகிற சித்திரைக்கு அந்தத் தம்பி லீவில் வருகிறார். மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் ஆடும் போட்டிக்கு விசில் ஊத ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் கொடி பிடிக்க டிவிசனுக்கு இரண்டு பேர் வேண்டும். விருப்பமுள்ள ஆண், பெண் பிள்ளைகள் நலன்புரிக் காரியாலயத்தில் பெயர் கொடுங்கள். விதிகளைச் சேர்ந்து படிப்போம்.