சூடோமோனாஸ் சில நேரம் வேலை செய்வதில்லையே, ஏன்? பாக்டீரியாவின் 'சிக்மா' கணக்கு

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் பாக்கெட் ஒன்று, பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்கெட் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, மோட்டார் ரூமில் ஒரே பரணில் வைக்கிறீர்கள். கோடை கழிந்து எடுத்துப் போட்டால் பேசில்லஸ் வேலை செய்கிறது, சூடோமோனாஸ் மண்ணாங்கட்டி மாதிரிக் கிடக்கிறது. உடனே 'போலிச் சரக்கு' என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். போலியும் சந்தையில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல சரக்கும் இப்படிச் செத்துப் போகும். அதற்கான காரணம் அந்தப் பாக்டீரியாவுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு பாக்டீரியாவிடம் சில ஆயிரம் ஜீன்கள் இருக்கும். எல்லாவற்றையும் அது ஒரே நேரத்தில் இயக்குவதில்லை. கீழ்பவானி வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுவது ஒரே தண்ணீர்தான், எந்த மதகு திறக்கிறதோ அந்த வயலுக்குப் போகிறது. பாக்டீரியாவில் ஜீன்களைப் படிக்கும் எந்திரத்துக்கு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்று பெயர். எந்த ஜீனில் போய் உட்கார வேண்டும் என்று அதற்கு வழி காட்டும் புரதம்தான் சிக்மா காரணி. 1969-ல் ஈ.கோலை பாக்டீரியாவில் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாக்டீரியாவிடம் 7 சிக்மாக்கள் உண்டு. தீனி தாராளமாக இருக்கும்போது ஒன்று, சூடு ஏறினால் ஒன்று, பட்டினி வந்தால் ஒன்று என்று ஆள் மாறும்.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரவலாக்கிய பி.எஃப்.1 என்ற சூடோமோனாஸ் ரகத்தை நம்மில் பலரும் பயன்படுத்தியிருப்போம். சூடோமோனாஸில் பட்டினிக் காலத்தைப் பார்த்துக்கொள்வது ஆர்.பி.ஓ.எஸ். என்ற சிக்மா. தீனி குறைந்ததும் அது எழுந்து, வெயில், வறட்சி, ரசாயனம் ஆகியவற்றைத் தாங்கும் புரதங்களைச் செய்ய வைக்கிறது. அமெரிக்காவில் பருத்தி வேரிலிருந்து எடுத்த பி.எஃப்.5 என்ற ரகத்தில் இந்தச் சிக்மாவை மட்டும் நீக்கிச் சோதித்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். அது சுரக்கும் பூஞ்சைக்கொல்லி மருந்துகளில் ஒன்று நின்றுபோனது, வேறு இரண்டு கூடின, நெருக்கடியைத் தாங்கும் சக்தி குறைந்தது. ஆக, நோயை எதிர்க்கும் மருந்தைச் சுரப்பதும் நெருக்கடியில் பிழைப்பதும் ஒரே மதகில் கட்டுப்பட்டவை.

ஆனால் ஆர்.பி.ஓ.எஸ். தருவது கம்பளிப் போர்வை அளவு பாதுகாப்புதான். பேசில்லஸ் கட்டுவதோ கோட்டை. பட்டினி வந்ததும் அதனிடம் நான்கு சிக்மாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வேலையை எடுத்துக்கொள்ளும். ஏழெட்டு மணி நேரத்தில் கெட்டியான ஓடுள்ள வித்து தயாராகிவிடும். அந்த வித்து தகரக் கூரைச் சூட்டையும் தாங்கும். சூடோமோனாஸுக்கு வித்து கட்டத் தெரியாது. பரணில் நடந்தது இதுதான்.

புழுவுக்கு அடிக்கும் பி.டி. மருந்தும் பேசில்லஸ் குடும்பமே. வித்து கட்டும் அதே சிக்மாக்கள்தான் புழுவைக் கொல்லும் படிகப் புரதத்தையும் செய்ய வைக்கின்றன. எனவே பாக்கெட்டில் விஷம் ஏற்கெனவே தயார், புழு அதைத் தின்றால் போதும். வெயில் அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும் என்பதால்தான் மாலையில் அடிக்கச் சொல்கிறார்கள்.

நோய்க் கிருமிகளும் இதே வித்தையைக் கற்றவை. மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கம் வாழை வைத்திருப்பவர்களுக்குக் கிழங்கு அழுகல் தெரிந்திருக்கும். இளங்கன்றை இழுத்தால் அடியோடு முறிந்து கையோடு வரும், நாறும் கிழங்கு மண்ணிலேயே நிற்கும். அதைச் செய்யும் பெக்டோபாக்டீரியம் எப்போதும் தாக்கிக்கொண்டிருப்பதில்லை. செடிக்குள் நுழைந்தபின் ஒரு சிக்மா இன்னொரு சிக்மாவைத் தட்டி எழுப்பும். இரண்டாவதன் பெயர் எச்.ஆர்.பி.எல். அது எழுந்ததும் செடியின் செல்லுக்குள் புரதத்தைச் செலுத்தும் ஊசி போன்ற அமைப்பு உருவாகும். கிழங்கை அழுக வைக்கும் நொதிகளோ கூட்டம் பெருகிய பிறகே பெருமளவில் வெளிவரும். வெளியே அழுகல் தெரியும்போது உள்ளே கூட்டம் பெருத்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் மருந்துக்குச் செலவழிப்பதைவிட, அந்தக் கன்றைக் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்தி, தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுப்பதே மேல். அந்தக் கத்தியைக் கழுவாமல் அடுத்த கன்றில் வைக்காதீர்கள்.

சூடோமோனாஸ் விஷயத்துக்கு வருவோம். தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள், சீசனுக்கு ஆறு மாதம் முன்னால் வாங்கிச் சேர்க்காதீர்கள். பூச்சிமருந்து, உர மூட்டைகளோடு வைக்காமல், வெயில் படாத குளுமையான இடத்தில் வையுங்கள். விதைக்கு கிலோவுக்கு 10 கிராம். நிலத்துக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவை மட்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது மாலையில் இடலாம். காய்ந்த மண்ணில் வெறுமனே தூவினால் இருக்கிற கொஞ்சநஞ்சச் சக்தியும் உயிர் பிழைப்பதற்கே போய்விடும்.

காப்பர் ஆக்ஸிகுளோரைடு, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துகளோடு ஒரே டேங்கில் கலக்கவே கூடாது. பாக்டீரியாவைக் கொல்லத் தயாரித்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. இரண்டும் தேவையென்றால் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள்.

நிலக்கடலைக்கு ரைசோபியம் போட்டவர்களுக்கு ஒரு சோதனை. பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். காற்று குறைந்த அந்த முடிச்சுக்குள் தழைச்சத்தைப் பிடிக்கும் ஜீன்களைத் திறப்பதும் ஒரு சிக்மாதான். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் அந்த முடிச்சால் பயனில்லை.