எள் வயலில் ஓர் இராப்பூச்சி

திருநாவலூர் என்றவுடன் சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த தலம் என்னும் நினைவே நம்மில் பலருக்கு முதலில் எழும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரைச் சுற்றியுள்ள வட்டாரம் எள் விளையும் பூமியும் ஆகும். அந்த எள் வயலை நாடி இரவில் வரும் ஒரு பூச்சியைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். அதன் முதுகில் மனித மண்டையோடு வரைந்தாற்போன்ற ஓர் அடையாளம் உண்டு. அக்காரணத்தால் அதனை மண்டையோட்டு அந்துப்பூச்சி என்று அழைக்கலாம்.

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் செதிற்சிறகிகள் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அவ்வரிசையில் ஸ்பின்ஜிடே என்பது ஒரு குடும்பம். பருத்த உடலும், ஒடுங்கி நீண்ட முன்சிறகும், பருந்தை ஒத்த விரைவான பறத்தலும் இக்குடும்பத்தின் இலக்கணங்கள். இதில் அகெரோன்டியா என்னும் பேரினத்திற்கு லாஸ்பெயரெஸ் என்ற ஜெர்மானியர் 1809-இல் பெயரிட்டார். இப்பேரினத்தில் மூன்றே இனங்கள் உள்ளன. ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் அட்ரோபாஸ் இனத்தை லின்னேயஸ் 1758-இலேயே விவரித்தார். மற்ற இரண்டும் நம் நாட்டில் உள்ளவை: ஒன்று லாக்கெஸிஸ், மற்றொன்று, எள் வயலுக்கு வரும் ஸ்டிக்ஸ். பின்னதற்கு 1847-இல் பெயர் சூட்டியவர் வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயர்.

இப்பெயர்கள் யாவும் கிரேக்கப் புராணத்திலிருந்து எடுக்கப்பெற்றவை. அகெரானும் ஸ்டிக்ஸும் நம் வைதரணியைப் போல இறந்தோர் உலகின் ஆறுகள். லாக்கெஸிஸ் மனிதரின் ஆயுள் நூலை அளப்பவள். அட்ரோபாஸ் அதனை அறுப்பவள். முதுகிலுள்ள அடையாளத்தைக் கண்டு மேனாட்டார் இதனை மரண தூதனாகக் கருதி அஞ்சினர். அந்த அச்சமே பெயரிலும் ஏறிக்கொண்டது. நம்மவரோ நீத்தாருக்கு எள்ளும் நீரும் இறைப்பவர்கள். அந்த எள்ளின் மீதே இப்பூச்சி முட்டையிடுவது விந்தையான பொருத்தந்தான்!

இதன் உருவத்தைக் கேளுங்கள். சிறகுகளை விரித்தால் 9 முதல் 13 சென்டிமீட்டர் வரை இருக்கும். முன்சிறகுகள் மரப்பட்டையின் நிறம் கொண்டவை. ஆகவே பகலில் அடிமரத்தில் ஒட்டியிருந்தால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. பின்சிறகுகள் மஞ்சள், அவற்றில் இரு கரும்பட்டைகள் ஓடும். வயிற்றுப்புறம் மஞ்சளும் கருமையும் மாறி மாறி அமைந்திருக்கும். கையில் எடுத்தால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும். தொண்டைக்குள் காற்றை இழுத்து வெளியே தள்ளுவதால் எழும் ஒலி அது. இப்பூச்சி கடிக்காது, கொட்டாது, நஞ்சும் கிடையாது.

இதன் உறிஞ்சுகுழல் குட்டையானது, தடித்தது. ஆழ்ந்த மலர்களில் தேன் எடுக்க அது உதவாது. தேனடையின் மெழுகு மூடியைத் துளைக்க நன்கு உதவும். ஆதலின் இப்பூச்சி இரவில் தேன்கூட்டினுள் புகுந்து தேனைக் களவாடும். தேனீக்களின் உடல்மணத்தை ஒத்த பொருள்கள் அதன் மேனியில் இருப்பதை ஐரோப்பிய இனத்தை ஆராய்ந்தோர் கண்டறிந்துள்ளனர். மாறுவேடம் பூண்டு அரண்மனைக்குள் நுழையும் கள்வனைப் போன்றது இதன் செயல்.

இது பரவியுள்ள நிலப்பரப்பும் பெரிது. மேற்கே அரேபியா, ஈரான் தொடங்கி, இந்தியா, இலங்கை, பர்மா வழியாகக் கிழக்கே சீனா, ஜப்பான் வரையிலும் தெற்கே மலேயா, ஜாவா, போர்னியோ வரையிலும் காணப்படுகிறது. இதன் உறவினமான அட்ரோபாஸின் உடலில் சிறு வானொலிக் கருவியைப் பொருத்தி, விமானத்தில் பின்தொடர்ந்து சென்ற ஆய்வாளர்கள், அது இருளிலும் எதிர்காற்றிலும் நேர்வழி தவறாமல் ஆல்ப்ஸ் மலைகளைக் கடப்பதை 2022-இல் உலகுக்கு அறிவித்தனர்.

இனி உழவருக்கு வேண்டிய செய்திக்கு வருவோம். தாய்ப்பூச்சி இலைகளில் தனித்தனியே முட்டையிடும். வெளிவரும் புழு எள், அவரை, கத்தரி முதலியவற்றின் இலைகளைத் தின்று, பெருவிரல் பருமனாகி, 10 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். பச்சை உடலில் சாய்ந்த கோடுகளும் வால்நுனியில் வளைந்த கொம்பும் உண்டு. அக்கொம்பைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அது எவரையும் குத்தாது. ஆனால் புழுவின் பசியோ பெரிது. சில புழுக்களே ஒரு செடியை வெறுங்குச்சியாக்கிவிடும். எண்ணெய்க்கு நம்பியிருக்கும் சிறு உழவருக்கு அது மெய்யான இழப்பு.

எனினும் இதற்குக் கொடிய மருந்தைத் தேடி ஓட வேண்டுவதில்லை. புழு பெரிது, ஒன்றிரண்டாகவே இருப்பது. செடியின் அடியில் உருண்டையான எச்சம் கிடந்தால், மேலே இலைகளினூடே அதனைக் காணலாம். கையால் பொறுக்கி அகற்றிவிடலாம். முதிர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அறுவடைக்குப் பின் கோடையில் ஆழ உழுதால் அக்கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் மாயும். மைனாவும் காகமும் கொக்கும் எஞ்சியவற்றைக் கொத்தித் தின்னும். இம்முறைகளுக்கு உழைப்புத்தான் செலவு.

எள் பூக்கும் பருவத்தில் நஞ்சைத் தெளித்தால், தேனெடுக்க வரும் தேனீக்களே முதலில் மடியும். இம்மாவட்டத்தின் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் தேன் எடுத்துப் பிழைக்கும் மலைவாழ் மக்கள் உள்ளனர். அவர்கள் தேனுக்கும் தேனீக்கள்தாம் ஆதாரம். பூச்சி களவாடும் தேன் சில துளிகளே. கண்மூடித் தெளிக்கும் மருந்து தேனீக் கூட்டத்தையே அழித்துவிடக்கூடும்.

ஆகவே, இரவில் விளக்கொளியை நாடி இப்பூச்சி உங்கள் திண்ணைக்கு வருமாயின், அபசகுனம் என்று அடித்துக் கொல்லாதீர்கள். முதுகின் சித்திரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டி, அதன் கீச்சொலியைக் கேட்கச் செய்து, பறக்க விடுங்கள். மறுநாட்காலை எள் வயலுக்குச் சென்று, இலைகளின் அடிப்புறத்தைக் கவனமாகப் பாருங்கள்.