இருட்டின் விலை

கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் நடப்பது எளிய காரியம். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைப்பது, தட்டுப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. 400 மெகாவாட். இவ்வகை நிலையங்களில் நாலு யூனிட் செலவழித்தால் ஏறத்தாழ மூணுதான் திரும்பி வரும்.

இதையே கணினிக்குள் எழுதும்போது அது ஒரு பிரதியாகிவிடுகிறது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அங்கேதான் வேலை. எவ்வளவு சேமிப்பு தேவை என்று அரசுகள் முடிவெடுப்பது இந்தக் கணினி மாதிரிகளை வைத்துத்தான். முந்தின மணி நேரத்து இருப்பு, கூட ஏற்றியது, கழிக்க இழப்பும் இறக்கியதும்: இதுவரை குதிர்க் கணக்குதான். ஆனால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பல ஆண்டுத் திட்டத்துக்கு அத்தனையும் போட்டால் கணினி திணறும். எனவே சில 'வகைமாதிரி நாட்களை' மட்டும் பொறுக்குகிறார்கள். பல கணக்குகளில் ஒவ்வொரு நாளும் தொடங்கிய இருப்பிலேயே முடிய வேண்டும். அப்புறம், ஒரு வாரம் காற்று விழுந்து கிடந்தால் என்ற கேள்வியே அந்தப் பிரதிக்குள் எழாது. (நாட்களைச் சங்கிலியாகக் கோக்கும் முறைகள் இருக்கின்றன; எல்லாரும் கையாள்வதில்லை.) நாளைய காற்றும் வெயிலும் முன்கூட்டியே தெரிந்த ஞானியாக வேறு மாதிரி முடிவெடுக்கிறது. சுமை பகிர்வு மையத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கு அந்த ஞானம் ஏது?

இவற்றைவிட முக்கியம் வேறொரு எண். கொடுக்க முடியாமல் போன ஒவ்வொரு யூனிட்டுக்கும் மாதிரியில் ஒரு விலை எழுத வேண்டும். அது பெரிதென்றால் 'சேமிப்பு வாங்கு' என்று விடை வரும். சிறிதென்றால் இருட்டே மலிவு. இது இயற்பியல் தரும் எண் அல்ல, யாரோ எழுதுவது. ஆலையின் உற்பத்தி இழப்பை வைத்து மட்டும் எழுதினால், வீட்டில் தையல் மிஷின் ஓட்டுகிற பெண்ணின் இருட்டுக்குக் காசே இல்லை.

மாநிலம் முழுவதையும் ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்ளும் மாதிரியில் இருட்டுக்கு ஊரும் கிடையாது, மொத்தம் மட்டுமே. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. மற்ற மாவட்டங்களில் பல ஊர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். தட்டுப்பாடு மாநிலத்துக்கே பொதுதான், ஆனால் அதை இப்படிப் பங்கு போட்டது காற்றோ தண்ணீரோ இல்லை. திட்ட அறிக்கை கைக்கு வந்தால் முடிவுரையில் நின்றுவிடாதீர்கள். பின்னிணைப்புக்குப் போய், வழங்காத யூனிட்டுக்கு என்ன விலை, அது யாருடைய இழப்பிலிருந்து எடுத்தது என்று தேடுங்கள். காணவில்லையென்றால் பொதுக் கருத்துக் கேட்பில் எழுந்து கேளுங்கள்.