உறைபனி சொல்லும் செய்தி

குளிர்சாதனப் பெட்டி குளிராவிட்டால் உடனே "வாயு முடிந்துவிட்டது" என்கிறோம். வாயு எரிந்து தீர்வதற்கு மண்ணெண்ணெய் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே வாயுதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் வாயு நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

பழைய வகைப் பெட்டியானால், பனியை உருகவிட்டு மீண்டும் இயக்கிச் சில மணி நேரத்தின் பின் பார்ப்போம்:

1. உறைகலம் முழுவதும் மென்பனி சீராகப் படிந்தால் வாயு போதுமானது.
2. ஒரு மூலையில் மட்டும் படிந்தால் வாயு குறைந்திருக்கலாம், அல்லது குழாய் அடைத்திருக்கலாம்.
3. அமுக்கிக்குத் திரும்பும் குழாயிலும் பனி படிந்தால் வாயு மிகையாக இருக்கலாம்.

பனியைக் கத்தியால் சுரண்டக் கூடாது. குழாய் துளைபட்டுவிடும்.

தானாகப் பனி உருக்கும் பெட்டியில் நேர ஆளி, சூடாக்கும் கம்பி, வெப்ப ஆளி ஆகியன உண்டு. ஒன்று பழுதானாலும் சுருளைப் பனிக்கட்டி மூடும், காற்று ஓடாது. ஒருநாள் நிறுத்தி வைத்தபின் நன்கு குளிர்ந்து, சில நாட்களில் மீண்டும் குளிர் குறைந்தால், பெரும்பாலும் குற்றம் வாயுவில் இல்லை. பனி உருக்கும் அமைப்பிலேயே உள்ளது.

வாயு நிரப்ப நேர்ந்தால், பெட்டியின் தகட்டில் குறித்த வகையையும் கிராம் அளவையும் கேட்டு வாங்குவோம். புதிய பெட்டிகள் பலவற்றிலுள்ள ஆர்-600ஏ தீப்பற்றக்கூடியது. பழகிய தொழிலாளியே அதைத் தொட வேண்டும்.

இன்சுலின் வைக்கும் வீடுகளில் பெட்டிக்குள் ஒரு வெப்பமானி இருக்கட்டும். 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையே அதற்குப் பாதுகாப்பு. உறைந்துபோன இன்சுலினைப் பாவிக்கவே கூடாது.